கொயோட்டியின் உடலளவும் நிறமும் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனா பாலைவனத்தில் மெலிந்த உடலும் பெரிய காதும் கொண்ட கொயோட்டியைப் பார்த்துப் பழகியவர், மாசசூசெட்ஸ் காட்டோரத்தில் பனிக்காலத்தில் ஒன்றைப் பார்த்தால் ஓநாய் என்றே நினைப்பார். ஜார்ஜியாவில் கரிய நிறத்தில் ஒன்று குறுக்கே ஓடினால் யாரோ வளர்க்கும் நாய் தப்பி வந்துவிட்டது என்று தோன்றும். மூன்றும் ஒரே இனம்தான்: நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு, அறிவியல் பெயர் கேனிஸ் லாட்ரன்ஸ். அலாஸ்காவிலிருந்து பனாமா வரை பரவிவிட்ட இந்த விலங்கின் அளவையும் நிறத்தையும் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வளர்ந்த கொயோட்டி பொதுவாக எவ்வளவு பெரியது?

மொத்தப் பரப்பையும் எடுத்துக்கொண்டால் ஆண் 8 முதல் 20 கிலோ, பெண் 7 முதல் 18 கிலோ. தலையும் உடலும் சேர்ந்து 1 மீட்டருக்குச் சற்று மேல், வால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், தோள் உயரம் 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஒரே பகுதியில் ஆண் பெண்ணைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம். ஆனால் பாலைவனத்து ஆணைவிடக் கிழக்குக் கரைப் பெண் பெரியது. ஆகவே எந்த எடையைக் கேட்டாலும் "எந்த ஊர், ஆணா பெண்ணா, எந்த மாதம்" என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவை இல்லாத எடைக் கணக்கால் பயன் குறைவு.

எந்தப் பகுதியில் எந்த அளவு?

மிகச் சிறியவை தென்மேற்குப் பாலைவனங்களிலும் மெக்சிகோவிலும் இருக்கின்றன. சொனோரா பாலைவனத்தில் 9 கிலோவை ஒட்டிய வளர்ந்த விலங்கு சாதாரணம். மெக்சிகோவில் சராசரி 11 கிலோவைச் சுற்றி. மேற்கின் புல்வெளிச் சமவெளிகளிலும் ராக்கி மலைப் பகுதியிலும் ஆண்கள் 12 அல்லது 13 கிலோவுக்கு வந்துவிடும்.

மிசிசிப்பி ஆற்றைத் தாண்டித் தென்கிழக்கே போனால் இன்னும் சற்றுக் கூடும். அங்கிருந்து வடகிழக்கே, அதாவது நியூயார்க், நியூ இங்கிலாந்து மாநிலங்கள், கியூபெக், கனடாவின் கடலோர மாகாணங்களுக்குப் போனால் பெரிய தாவல் ஒன்று தெரியும். ஆண்களின் சராசரியே 16 கிலோவைத் தொடும். மாசசூசெட்ஸில் பனிக்காலத்தில் 15 முதல் 21 கிலோ வரையுள்ள ஆணும், 15 முதல் 18 கிலோ வரையுள்ள பெண்ணும் வழக்கமானவை. 20 கிலோவைத் தாண்டிய ஒன்று மேற்கில் பேசப்படும் செய்தி; வடகிழக்கில் அப்படியில்லை.

வடக்கே போகப் போகப் பெரிதாகும் என்கிறார்களே, அது சரிதானா?

பாதி சரி. குளிர்ப் பகுதிகளில் ஒரே இன விலங்குகள் பெரிதாக இருக்கும் என்பது பெர்க்மன் விதி. பெரிய உடலுக்கு அதன் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைவு; வெப்ப இழப்பும் குறைவு. பாலைவனத்திலிருந்து வடக்குச் சமவெளிவரை கொயோட்டியில் இந்தப் போக்கு தெரிகிறது. காதின் அளவும் அதற்கு எதிர்த்திசையில் போகிறது. வெப்பப் பகுதியில் காது பெரிது, குளிரில் சிறிது.

ஆனால் விதி மட்டுமே காரணமாக இருந்தால் மிகப் பெரிய கொயோட்டிகள் அலாஸ்காவில் இருக்க வேண்டும். அங்கே வழக்கமான எடை 10 முதல் 15 கிலோதான். அலாஸ்காவைவிடப் பல மடங்கு மிதமான குளிருள்ள மாசசூசெட்ஸ் விலங்கு அதைவிடக் கனமானது. கொயோட்டியின் அளவு வரைபடத்தில் ஏறுமுகம் தெற்கிலிருந்து வடக்காக இருப்பதைவிட மேற்கிலிருந்து கிழக்காகத்தான் அழுத்தமாகத் தெரிகிறது. தட்பவெப்பத்தால் மட்டும் இதை விளக்க முடியாது. அது எந்த வழியாக வந்தது, வழியில் யாரோடு கலந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கிழக்குக் கொயோட்டி ஏன் பெரிது?

1900க்கு முன் கொயோட்டி பெரும்பாலும் கண்டத்தின் மேற்குப் பாதியிலும் நடுச் சமவெளிகளிலும் இருந்த விலங்கு. காடுகள் வெட்டப்பட்டு ஓநாய்கள் கொன்று தீர்க்கப்பட்டபின் அது கிழக்கே நகர்ந்தது. வடகிழக்குக்கு அது வந்த பாதைகள் இரண்டு. ஒன்று, பெரும் ஏரிகளுக்கு வடக்கே ஒன்டாரியோ வழியாக. மற்றொன்று, ஏரிகளுக்குத் தெற்கே ஒகாயோ வழியாக.

ஒன்டாரியோவில் ஓநாய்கள் முற்றிலும் அழியவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைந்துபோயிருந்தது. இணை கிடைக்காத ஓநாய்கள் புதிதாக வந்த கொயோட்டிகளோடு சேர்ந்தன. குறிப்பாக 25 முதல் 30 கிலோ எடையுள்ள கிழக்கு ஓநாய். அளவில் கொயோட்டிக்கு அதிக தூரத்தில் இல்லாத விலங்கு அது. அந்தக் கலப்பில் பிறந்தவை நியூயார்க்குக்கும் நியூ இங்கிலாந்துக்கும் இறங்கின.

வடகிழக்குக் கொயோட்டிகளின் மரபணுவை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஏறக்குறைய 64 விழுக்காடு கொயோட்டி, 13 விழுக்காடு சாம்பல் ஓநாய், 13 விழுக்காடு கிழக்கு ஓநாய், 10 விழுக்காடு நாய் என்று கணக்கிட்டது. இது சராசரி. ஊருக்கு ஊர், விலங்குக்கு விலங்கு இந்த விகிதம் மாறும். நாய்க் கலப்பு எப்போதோ நடந்த பழையது. தெருவில் பார்ப்பது நேற்றுப் பிறந்த நாய்க்கலப்பு அல்ல.

இரண்டு பாதைகளையும் ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. ஓநாய் இரத்தம் கலந்த ஒன்டாரியோப் பாதை விலங்குகளின் மண்டையோடு அகலமானது, தாடைத் தசை பற்றும் இடம் பெரியது. ஒகாயோ வழியாகக் கலப்பில்லாமல் வந்தவற்றுக்கு அது இல்லை. வடக்குப் பாதைக்காரர்கள் ஐந்து மடங்கு வேகமாகப் பரவியிருக்கிறார்கள். காட்டு மான்கள் பெருகி, அவற்றை வேட்டையாடும் பெரிய விலங்கு இல்லாத நிலப்பரப்பில் வலுவான தாடையும் கூடுதல் எடையும் உடனே பயன்பட்டன.

நல்ல தீனி கிடைப்பதால் பெருத்திருக்கலாம் அல்லவா?

இந்த வாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. மான் இறைச்சி அதிகம் கிடைத்தால் குட்டி நன்றாக வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1960களில் நியூ ஹாம்ப்ஷயரில் பிடிக்கப்பட்ட குட்டிகளையும் அவற்றின் வாரிசுகளையும் கூண்டில் வளர்த்துப் பார்த்தபோது, அவை மேற்குக் கொயோட்டியின் அளவோடு நிற்கவில்லை. அளவும் உருவமும் தலைமுறை தாண்டி நிலைத்தன. தீனி மட்டும்தான் காரணம் என்றால் அப்படி நடந்திருக்காது.

இப்போதைய நிலையில் நியாயமான பதில் இது: எந்த அளவுவரை வளர முடியும் என்பதை மரபணு வரையறுக்கிறது, அந்த வரம்பை எட்டுகிறதா என்பதை இரை தீர்மானிக்கிறது. முயலும் எலியும் மட்டும் கிடைக்கும் இடத்தில் வரம்பை எட்டாது. மான் கிடைக்கும் இடத்தில் எட்டும். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் மேட்டு நிலத்தில் கொயோட்டிகள் பனிக்காலத்தில் மூஸ் எனும் மாபெரும் மானையே உணவாக நம்பி வாழ்கின்றன. பாலைவனக் கொயோட்டியை அங்கே நினைத்துப் பார்க்க முடியாது.

"30 கிலோ கொயோட்டி பார்த்தேன்" என்பவர்களை நம்பலாமா?

தராசில் ஏற்றிய எடை என்றால் கேட்கலாம். கண்ணால் போட்ட எடை என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பனிக்கால உரோமம் விலங்கின் தோற்றத்தைப் பெருக்கிக் காட்டும். 15 கிலோ விலங்கை 22, 25 என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உரோமத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

பதிவில் உள்ள மிகப் பெரியது 1937 நவம்பரில் வயோமிங் மாநிலத்தின் ஆப்டன் அருகே கொல்லப்பட்ட ஆண், 34 கிலோ. மூக்கிலிருந்து வால்வரை 1.5 மீட்டர். மிகப் பெரிய விலங்கு மேற்கில் கிடைத்தது என்பதைக் கிழக்கு விலங்கு பெரிது என்ற கருத்துக்கு எதிராகச் சிலர் காட்டுவார்கள். ஒரு தனி விலங்கின் உச்ச எடை ஒரு பகுதியின் சராசரியைச் சொல்லாது.

கொயோட்டியின் இயல்பான நிறம் எது?

தனியாக ஒரு நிறம் கிடையாது. முதுகின் நீண்ட வெளிமயிர் ஒவ்வொன்றிலும் பட்டைகள் உண்டு. அடியில் வெளிர், நடுவில் மஞ்சள் அல்லது வெண்மை, நுனியில் கறுப்பு. இந்தப் பட்டைகளின் அகலம் சற்றே மாறினாலும் தூரத்திலிருந்து பார்க்கும் நிறம் முழுவதும் மாறிவிடும். கறுப்பு நுனி நீண்டால் சாம்பலாகத் தெரியும். நடுப் பட்டை செம்மஞ்சளாக அகன்றால் விலங்கே செந்நிறமாகத் தெரியும்.

கழுத்தின் பின்பகுதி, காதின் பின்புறம், முன்கால்கள், மூக்கின் பக்கங்கள் ஆகியவை செம்பழுப்பு. தொண்டையும் வயிறும் வெளிர். முதுகில் கருந்தடம் ஓடும், தோளில் சேணம் போல விரியும். வாலின் மேற்புறத்தில் அடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கரும்புள்ளி இருக்கும். அது வாசனைச் சுரப்பி இருக்கும் இடம். வால்நுனி பெரும்பாலும் கறுப்பு. எந்தப் பகுதி விலங்கானாலும் இந்த அமைப்பைத் தேடுங்கள். மொத்த நிறம் ஏமாற்றும், அமைப்பு அவ்வளவாக ஏமாற்றாது.

எந்தப் பகுதியில் எந்த நிறம்?

உலர்ந்த, வெளிச்சமான நிலத்தில் வெளிர் நிறம், ஈரமான காட்டில் கருமை என்ற குளோகர் விதி இங்கே நன்றாகவே பொருந்துகிறது. வடக்குச் சமவெளிகளில் வெளிர்சாம்பல், வயிறு ஏறக்குறைய வெண்மை. உயரமான மலைகளில் சாம்பலும் கறுப்பும் கூடும். பசிபிக் கரையின் ஆரெகன், வாஷிங்டன் மழைக்காடுகளில் கருமை ஏறும். கலிபோர்னியாப் பள்ளத்தாக்கு விலங்கு மலை விலங்கைவிடச் சிறியது, கருமையானது, பளிச்சென்ற நிறமுடையது. கலிபோர்னியா வளைகுடாவில் உள்ள திபுரோன் தீவில் வெளிறிய, நீண்ட காதுள்ள வகை.

பாலைவனம் என்றால் வெறும் மணல் நிறம் என்று எண்ணிவிடக் கூடாது. அரிசோனாவையும் சொனோராவையும் சேர்ந்த சிறிய வகையில் செம்மஞ்சள் மிகப் பளிச்சென்று இருக்கும். முன்கால் பின்கால் இரண்டிலும் அந்த நிறம் படர்ந்திருக்கும். பாலைவனக் கொயோட்டி மங்கலாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போனவர்கள் இதை நரி என்று தவறாக எழுதிவிடுவதுண்டு.

கிழக்கில்தான் நிறத்தின் வீச்சு மிக அதிகம். வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, அடர்சாம்பல், கறுப்பு எல்லாம் ஒரே மாவட்டத்தில், சில வேளை ஒரே ஈற்றில். கலப்பு வரலாறு கொண்ட கூட்டத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே.

கறுப்புக் கொயோட்டி தனி வகையா?

இல்லை. கறுப்பு நிறம் கே லோகஸ் என்று அழைக்கப்படும் ஒரே மரபணு இடத்தில் உள்ள சிறு இழப்பால் வருகிறது. இதே மாற்றம்தான் கறுப்பு ஓநாய்க்கும் காரணம். 2009இல் வெளிவந்த ஆய்வு, இந்த மாற்றம் நாயிடமிருந்து ஓநாய்க்கும் கொயோட்டிக்கும் வந்தது என்று காட்டியது. அது ஓங்கு மரபணு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், குட்டி கறுப்பாகும். ஆகவே சாம்பல் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் பிறந்த ஈற்றில் இரண்டு நிறமும் கலந்திருக்கலாம்.

புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா போன்ற தென்கிழக்கு மாநிலங்களில் கறுப்பு அடிக்கடி காணப்படுகிறது. மேற்குச் சமவெளியில் அரிது. நெஞ்சில் வெண்புள்ளியோ பாதத்தில் வெண்மையோ இருக்கலாம். கறுப்பாக இருப்பதால் கூடுதல் நாய் இரத்தம் உள்ளது என்று பொருளில்லை. பல தலைமுறைகளுக்கு முன் நுழைந்த ஒரு மரபணு மட்டும் தங்கியிருக்கலாம், மற்ற நாய்ப் பண்புகள் கழிந்துபோயிருக்கலாம்.

வெள்ளைக் கொயோட்டி வெளிறல் நோயா?

நியூஃபவுண்ட்லாந்து தீவில் காணப்படும் வெள்ளை விலங்குகளுக்குக் கண்ணும் மூக்கும் கருமையாகவே இருக்கும். ஆகவே பிறவி வெளிறல் அல்ல. கோல்டன் ரெட்ரீவர் நாய்க்குப் பொன்னிறம் தரும் அதே எம்சி1ஆர் மரபணு வடிவம் இவற்றில் இருப்பது 2013இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

இந்த வடிவம் ஒடுங்கு மரபணு. இரண்டு பெற்றோரும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தால்தான் வெள்ளை தெரியும். பரந்த நிலத்தில் இரண்டு சுமப்பவர்கள் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நியூஃபவுண்ட்லாந்தின் நிலைமை வேறு. 1980களின் நடுவில் கடற்பனி மீது நடந்துவந்த சில விலங்குகளே அந்தத் தீவின் மூதாதைகள். அந்தச் சிறு கூட்டத்தில் ஒன்று இந்த மரபணுவைச் சுமந்து வந்திருந்தால், சில தலைமுறைகளில் உறவினருக்குள் சேர்க்கை நடந்து வெள்ளை வெளிப்படும். கறுப்பு தென்கிழக்கு முழுவதும் பரவியிருப்பதும் வெள்ளை ஒரு தீவில் குவிந்திருப்பதும் இந்த ஓங்கு, ஒடுங்கு வேறுபாட்டைத் தெரிந்தால் எளிதில் விளங்கும்.

பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறுமா?

ஆண்டுக்கு ஒருமுறை உரோமம் உதிரும். மே மாதம் தொடங்கி ஜூலையில் முடியும். உதிர்வதற்கு முன் பழைய உரோமம் வெயிலில் வெளுத்து, நுனிகள் முறிந்து, மங்கிய செம்பழுப்பாகத் தெரியும். ஒரே விலங்கை ஜனவரியிலும் ஜூனிலும் படமெடுத்து இரண்டு விலங்கு என்று எழுதியவர்கள் உண்டு. பகுதிகளுக்கிடையே ஒப்பிட வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை வெயில் எதையும் செம்மையாக்கும். தானியங்கிக் கேமராவின் இரவுப் படத்தில் நிறமே இல்லை. அகச்சிவப்பு ஒளியில் சாம்பல் விலங்கு வெள்ளையாகத் தெரிந்து "வெள்ளைக் கொயோட்டி" ஆகிவிடும். கறுப்பு என்று பார்த்ததையும் நிழலில்லாத பகல் வெளிச்சத்தில் ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும்.

உடம்பெல்லாம் மயிரின்றி நீலச்சாம்பலாக ஒன்றைப் பார்த்தால்?

பெரும்பாலும் சொறி. சர்கோப்டெஸ் என்ற நுண்ணுண்ணி தோலுக்குள் துளைத்து, மயிர் கொட்டி, தோல் தடித்துச் சாம்பலாகும். வால் கயிறு மாதிரி ஆகிவிடும், காது அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். டெக்சாஸின் குவெரோ ஊரில் 2007இல் கிடைத்து "சுப்பகாப்ரா" (ஆடுகளின் இரத்தத்தைக் குடிப்பதாகச் சொல்லப்படும் கட்டுக்கதை விலங்கு) என்று உலகமெங்கும் பேசப்பட்ட விலங்கின் திசுவை டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது கொயோட்டி என்றே தெரிந்தது. இப்படிப்பட்ட விலங்கை அளவு, நிற ஒப்பீடு எதிலும் சேர்க்கக் கூடாது. எடையும் குறைந்திருக்கும்.

குட்டியின் நிறத்தை வைத்துப் பெரியதன் நிறத்தைச் சொல்ல முடியுமா?

முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும்போது எல்லாக் குட்டிகளும் அடர்பழுப்பு, ஏறக்குறைய 250 கிராம். முகம் முதலில் செம்மையாகும், பிறகு உடல் வெளுக்கும். ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனால்தான் பெரியதன் அளவு வரும். அக்டோபரில் தனியாக அலையும் "சிறிய வகை" பெரும்பாலும் அந்த ஆண்டுக் குட்டிதான்.

19 துணையினங்கள் என்று பட்டியல் இருக்கிறதே?

இருக்கிறது. தாமஸ் சே 1823இல் இந்த இனத்தை விவரித்தார். 1897இல் மெரியம் தோல், மண்டையோடு வேறுபாடுகளை வைத்து 11 தனி இனங்களாகவே பிரித்தார். பின்னர் எல்லாம் ஒரே இனத்தின் கீழ் வந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 19 துணையினங்கள் என்ற பட்டியல் நிலைத்தது. சமவெளி, மலை, மெர்ன்ஸ், கலிபோர்னியாப் பள்ளத்தாக்கு, வடகிழக்கு, டெக்சாஸ், மெக்சிகோ, சால்வடோர், ஹோண்டுராஸ் என்று பெயர்கள் நீளும்.

பட்டியலைப் பழைய தோல்களின் விவரணை என்று வாசிப்பது பயனுள்ளது. வரைபடத்தில் கோடு போட்டு "இந்த ஆற்றுக்கு இப்பால் இந்தத் துணையினம்" என்று நம்புவது தவறு. இளம் கொயோட்டி பிறந்த இடத்தைவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேலும் போகும். மரபணுக்கள் எல்லை பார்ப்பதில்லை. பட்டியல் எழுதப்பட்டபின் கூட்டங்கள் கண்டம் முழுக்க நகர்ந்துவிட்டன. "வடகிழக்கு" என்ற பெயர் பட்டியலில் இருந்தாலும், இன்றைய நியூ இங்கிலாந்து விலங்குக்குச் சரியாகப் பொருந்தும் பெயரே அதில் கிடையாது. "கொய்வுல்ஃப்" (கொயோட்டி, வுல்ஃப் அதாவது ஓநாய் என்ற சொற்களின் சேர்க்கை) என்ற பெயரும், தனி இனமாக்கி 2016இல் முன்மொழியப்பட்ட பெயரும் இருக்கின்றன. பெரும்பாலான உயிரியலாளர்கள் கிழக்குக் கொயோட்டி என்றே சொல்கிறார்கள். கொயோட்டிகளோடு தடையின்றிச் சேரும் கூட்டத்தைத் தனி இனம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

ஓநாயா கொயோட்டியா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் தடம். கொயோட்டியின் முன்பாதத் தடம் 6 முதல் 7 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், முட்டை வடிவம். கிழக்கில் சற்றுப் பெரிது. சாம்பல் ஓநாய்க்கு 10 சென்டிமீட்டருக்கு மேல். உருகும் பனியில் தடம் விரிந்து பெரிதாகும் என்பதால் கெட்டியான மண்ணில் அளப்பது நல்லது. மூக்கு கொயோட்டிக்கு ஒடுங்கிக் கூர்மையாக, காது தலையோடு ஒப்பிடும்போது பெரிதாக இருக்கும். ஓடும்போது வாலைத் தாழ்த்தி ஓடும்.

உண்மையான சிக்கல் வட கரோலினாவின் கிழக்கு மாவட்டங்களில்தான். 1980இல் காட்டில் அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட செவ்வோநாய் 1987இல் அங்கே மீண்டும் விடப்பட்டது. அது 20 முதல் 36 கிலோ. அதன் இளம் விலங்கும் பெரிய கொயோட்டியும் ஒரே எடையில் வந்து நிற்கும், நிறமும் நெருக்கம். அங்கே சுடுவதற்கு முன் நிறத்தை நம்புவது பேராபத்து. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவே எஞ்சியுள்ள விலங்கு அது. டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் 2018இல் ஆராயப்பட்ட செந்நிறக் கொயோட்டிகளில், அழிந்துபோன கடலோரச் செவ்வோநாய்க் கூட்டத்தின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. அங்கே அந்தச் செந்நிறத்தைக் கவனிக்காமல் விடுவது சரியல்ல.

டொரொன்டோவில் பார்ப்பது எந்த வகை?

ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்கள் ரூஜ் பூங்காவிலும் ஓடைப் பள்ளங்களிலும் பார்ப்பது கிழக்குக் கொயோட்டிதான், ஒன்டாரியோக் கலப்பு வழி வந்தது. 10 முதல் 20 கிலோ வரை, சாம்பலும் செம்பழுப்பும் கலந்தது. ஊரில் நரி என்று சொல்லும் குள்ளநரி 8 முதல் 11 கிலோ. அதை மனத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இது ஓநாயாகத் தெரிவது இயல்பு. அளவு பெரிது என்பதற்காக ஆபத்து கூடுதல் என்று பொருளில்லை. மனிதர் கொடுக்கும் தீனிக்குப் பழகியதுதான் சிக்கல் செய்யும்.

பனாமாவில் கொயோட்டி நாய் மாதிரி இருக்கிறது என்கிறார்களே?

1980களின் தொடக்கத்தில் பனாமாவுக்குள் நுழைந்து, கால்வாயைத் தாண்டி, கொலம்பியா எல்லையை ஒட்டிய தாரியேன் காட்டின் விளிம்புவரை போய்விட்டது. பரவலின் முன்னணியில் கொயோட்டி இணை கிடைப்பது அரிது, நாய்கள் ஏராளம். ஓநாயோடு ஒன்டாரியோவில் நடந்தது இங்கே நாயோடு நடக்கிறது. விளிம்பில் உள்ள சில விலங்குகளின் முகமும் நிறமும் அதைக் காட்டுகின்றன.

பழங்காலத்தில் கொயோட்டி இன்னும் பெரிதாக இருந்ததா?

ஆம். லாஸ் ஏஞ்சலஸின் லா பிரேயா தார்க்குழிகளில் கிடைத்த பனியூழிக் கொயோட்டிகள் இன்றையவற்றைவிடப் பெரியவை, தாடை தடித்தவை. பெரும் விலங்குகள் அழிந்தபின் ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்குள் உடல் சுருங்கி இன்றைய அளவுக்கு வந்துவிட்டது என்று 2012இல் வெளிவந்த ஒப்பாய்வு காட்டியது. பெரிய இரையும், போட்டியிட்ட பெரிய ஓநாய்களும் போனதே காரணமாகக் கருதப்படுகிறது. வடகிழக்கில் நடப்பது இதற்கு எதிர்த்திசை ஓட்டம்; நூறே ஆண்டில்.

உரோம வணிகத்தில் பகுதி வேறுபாடு முக்கியமா?

விலையே அதில்தான். மொன்டானா, ஆல்பெர்ட்டா, சஸ்காச்சுவன் பகுதிகளின் வெளிர்நிற, அடர்ந்த, மென்மையான தோல்தான் குளிர்கோட்டின் முக்காட்டு ஓரத்துக்குத் தேடப்பட்டது. கிழக்குத் தோல் பெரிது, ஆனால் முரடு, கருமை, விலை குறைவு. தெற்குத் தோல் மெல்லியது. குளிர்கோட்டுகள் தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் 2021இல் உரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்த பிறகு சந்தை வெகுவாக மாறிவிட்டது.

சாலையில் அடிபட்டுக் கிடப்பதை முறையாக அளப்பது எப்படி?

முதலில் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். சில இடங்களில் எடுக்க அனுமதி வேண்டும். கையுறை கட்டாயம். சொறியுண்ணி, நாடாப்புழு முட்டை, ரேபிஸ் மூன்றும் கவலைக்குரியவை. வாய்ப் பகுதியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி முதுகை நேராக்குங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டிப் போட்டால் பல சென்டிமீட்டர் கூடிவிடும். பழைய பதிவுகளில் உள்ள "ராட்சத" நீளங்கள் பல இப்படி வந்தவை. வாலை எலும்பு முடியும் இடம்வரை மட்டும் அளங்கள், நுனி மயிரைச் சேர்க்காதீர்கள். பின்பாதம் குதிகாலிலிருந்து நீண்ட நகம்வரை. காது உட்பள்ளத்திலிருந்து நுனிவரை.

எடைக்கு 50 கிலோ தொங்கு தராசு போதும், பையின் எடையைக் கழிக்க வேண்டும். உரோமம் நனைந்திருந்தால் உலர்த்திவிட்டு நிறுங்கள். இரைப்பை நிறைந்திருந்தால் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடும். வயிறு உப்பியிருப்பதைக் குறித்துவையுங்கள். பாலினமும், பல் தேய்ந்திருக்கிறதா என்பதும் சேர்த்து எழுத வேண்டும். தேயாத வெண்மையான கூர்ப்பல் இளையதைக் காட்டும்.

மண்டையோடு கிடைத்தால் மேல்வாயின் கடைவாய்ப் பல் வரிசை நீளத்தை, முதல் முன்கடைவாய்ப் பற்களுக்கு இடையேயான அண்ண அகலத்தால் வகுங்கள். 3.1க்கு மேல் வந்தால் கொயோட்டி, 2.7க்குக் கீழ் வந்தால் நாய். இடையில் விழுந்தால் கலப்பாக இருக்கலாம். ஓநாய்க் கலப்புள்ள வடகிழக்கில் இந்த விகிதத்தை மட்டும் நம்பி முடிவெழுத வேண்டாம்.

மரபணு ஆய்வுக்குக் காதோரத்திலிருந்து பட்டாணி அளவு திசு போதும். 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு மூடுங்கள். மயிர் எடுப்பதானால் வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிய மயிரில் பயன்படும் மரபணு மிகக் குறைவு. நாள், இடம், பாலினம், எடை, அளவுகள், நிறம் இவற்றைப் பென்சிலால் தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.